நகரும் எதிரியை எப்போது சுடலாம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியிலிருந்து சண்டைச் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழம்பை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். சண்டை போட்டது என் கணவரும் என் தம்பியும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடிந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இருந்த குறையே.

"நான் செவுத்துக்கு அக்கட்ட கொண்டுபோயி வெச்சு முடிச்சாச்சு மாப்ள. வெச்சதுக்குப் பொறவு சுடறேன்னா எப்படி?" இது கணவர்.

"நடுவுல சந்து இருக்குதுல்லீங்க மச்சான்? அதைத் தாண்டித்தான போனீங்க? என் ஆளுங்க என்ன கண்ணை மூடிட்டா நின்னாங்க?" இது தம்பி.

"அப்பவே சொல்லியிருக்கோணுமல்ல?"

"புஸ்தகத்துல அப்படி எங்கீங்க போட்டிருக்குது?"

பிறகு கணவரின் குரல், "அம்மணி, கொஞ்சம் மேல வா" என்றது. நான் உடனே போய்விடவில்லை. கையைத் துடைத்து, முகம் கழுவி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக ஏறினேன். டீ கொண்டுபோவதற்கு அல்லாமல் வேறொன்றுக்காக அவர்கள் என்னை மாடிக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீடு நாமக்கல்லில், சேலம் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே கணவரின் பட்டறை. புதிதாகப் பாடி கட்டி வருகிற லாரிகளுக்கு அங்கே பெயிண்ட் அடிப்பார்கள். நெற்றியில் பூ வரைவது, பெயர் எழுதுவது போன்ற நுணுக்க வேலைகளை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். பேச்சு குறைந்த மனிதர். சாப்பிடும்போது என் பள்ளிக்கூடத்துக் கதைகளையெல்லாம் நான்தான் சொல்வேன். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், கதைக்குப் பஞ்சமில்லை. அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போவார். மனுஷர் சுபாவமே அதுதான் என்று நானும் பழகியிருந்தேன்.

தம்பி எனக்கு வெகுவாக இளையவன். நாங்கள் பிறந்தது கெங்கவல்லிப் பக்கம். அம்மா இறந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. தலைவாரிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உறவுக்காரர்கள் யாராவது அதைப் பற்றி ஆரம்பித்தால், "எனக்குத்தான் என் தம்பி இருக்கானே" என்று வாயை அடைத்துவிடுவேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் எங்களோடு வந்து தங்கினான். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்க அவனுக்குப் பிடித்ததாகவே சமைத்தேன். வேலை முடிந்ததும் அடுக்களைக்கு வந்து மேடைமேல் உட்கார்ந்துகொண்டு, எதையாவது கொறித்தபடி பேசிக்கொண்டே இருப்பான். அந்த ஒரு வாரம்தான்.

இரண்டாவது வாரம் அவன் தன் பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமாக. பெங்களூரில் கூட வேலை செய்தவர்களோடு விளையாடிப் பழகிய விளையாட்டாம். ஒரு பெரிய மேசையில் மலை, வீடு, காடு எல்லாம் செய்து வைத்து, ஆளுக்கொரு படையை நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டிச் சுட்டுக்கொள்வது. பழைய உலகப் போரில் நடந்த மாதிரி. அவன் அதை எனக்குத்தான் முதலில் காட்டினான். "நல்லா இருக்குடா" என்றேன். விளக்குமாற்றை எடுக்க நான் அந்தப் பக்கம் திரும்பியபோது என் கணவர் ஒரு சிப்பாயைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பெயிண்டு அடிக்க மாட்டீங்களா?"

"அடிக்கலாம் மாமா. எனக்குத்தான் வராது."

மறுநாள் பட்டறையிலிருந்து அவருடைய மிக மெல்லிய பிரஷ் வீட்டுக்கு வந்தது. பொழுது சாயும்போது பார்த்தால் அந்தச் சிப்பாய்க்குத் தொப்பி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் வந்துவிட்டன. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் வெயில் படுகிற மாதிரி ஒரு வெளிச்சம். தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் அவன் முதல் மதிப்பெண் எடுத்து வந்தபோது நான் அவனைப் பார்த்த பார்வை அது.

அதற்குப் பிறகு அவன் அடுக்களைக்கு வருவது தண்ணீர் குடிக்கத்தான். லாரிக்குத் தளம் போடுகிற பிளைவுட்டை இரண்டாக அறுத்து மாடிக் கூடத்தில் மேசை போட்டார்கள். தெர்மாகோலில் மலை வெட்டினார்கள். மரங்களுக்கு இலை செய்ய ஸ்பாஞ்சு வேண்டுமென்று ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள். நான் சேலத்துக்கு ஒரு எட்டுப் போய் வரலாமென்று எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், வேலை இருக்கிறது என்பார். அன்று இருவரும் பொழுது சாய்ந்த பிறகு திரும்பினார்கள். ஸ்பாஞ்சு ஒரு சின்னப் பை. சிரிப்புதான் வீடு முழுக்க.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் பேச்சு மாறியதுதான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் அக்கா வீட்டுக்காரரை மாமா என்போம், இவர் பக்கம் மச்சான் என்பார்கள். வந்த புதிதில் அவனும் மாமா என்றுதான் கூப்பிட்டான். எப்போது மாறியதென்று தெரியவில்லை, ஒரு நாள் மாடியிலிருந்து "இதா வாரேனுங்க மச்சான்" என்று குரல் வந்தது. இவர் பக்கத்துச் சொந்தம் யாரோ ஒறம்பரை வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். என் தம்பி இறங்கி வந்துகொண்டிருந்தான். "ஊட்டுக்கு", "வாரேன்", "ஆமாங்க" எல்லாம் அவன் வாயில் சர்க்கரையாகக் கரைந்தன. நான் கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் 'வரேன்' என்பதை 'வாரேன்' ஆக்கியதில்லை. பேச்சு சொல்லிக் கொடுத்தவள் நான். அதை ஒரு மழைக்காலத்துக்குள் மாற்றி எடுத்துக்கொண்டவர் அவர்.

யார் மேல் பொறாமை என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கணவர் மாடியில் வாய்விட்டுச் சிரிக்கும்போது தம்பி மேல். தம்பி எதையோ நீளமாகச் சொல்ல, இடையில் கணவர் "ம்ம், அப்பறம்?" என்று கேட்கும்போது கணவர் மேல். 'அப்பறம்' என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை. டீ கொண்டுபோய் வைப்பேன். "அங்க வைக்கா" என்பான் தம்பி, தலை நிமிராமல். அந்த டீயில் சில நாள் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். இருவருமே கவனிக்கவில்லை.

ஆகவே சண்டைச் சத்தம் கேட்டு நான் மகிழ்ந்ததில் ஆச்சரியமில்லை.

மேலே போனதும் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன், வகுப்பில் செய்வதுபோல. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன்.

விஷயம் இதுதான். அந்த விளையாட்டில் ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர் முறை. ஆனால் உன் முறையில் ஒரு படையைச் சுடவிடாமல் 'காத்திரு' என்று நிறுத்தி வைக்கலாம். அதன் தலைமாட்டில் ஓர் அடையாளம் வைக்கவேண்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைப் பொட்டுப்போல் வெட்டி வைத்திருந்தார்கள். அப்படிக் காத்திருக்கிற படை, எதிராளியின் முறையில், அவன் நகர்கிறபோது குறுக்கே புகுந்து சுடலாம். ரியாக்‌ஷன் ஃபயர் என்று பெயர். அன்றைக்குத் தம்பியின் இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் சிவப்புப் பொட்டோடு காத்திருந்தார்கள். கணவர் தன் ஆட்களை ஒரு வீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து, சந்தைத் தாண்டி, அடுத்த சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். வைத்து முடித்த பிறகு தம்பி சுடுகிறேன் என்றான். கிளம்பிய இடமும் மறைவு, சேர்ந்த இடமும் மறைவு, எப்படிச் சுடுவாய் என்றார் இவர். நடுவில் வெட்டவெளி இருக்கிறதே என்றான் அவன்.

புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். காத்திருக்கும் படை தன் பார்வையில் நகரும் எதிரியை ஒரு முறை சுடலாம் என்பது அதன் சாரம்.

"நீயே சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார் கணவர்.

"நானும்தாங்க்கா" என்றான் தம்பி. அதிலும் இவர் ஊர் 'ங்' ஒன்று.

இருவர் கண்ணும் என்மேல் இருந்தன. அந்தக் கூடத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததேயில்லை. சட்டென்று பதில் சொல்லி அதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. "அடுத்த வாரம் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த வாரம் முழுக்க அந்த வாக்கியம் என்னோடு இருந்தது. பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்கு நிற்கிற நேரத்தில் அதையே உருட்டிக்கொண்டிருப்பேன். இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரர்களும் இதே சந்தைத் தாண்டித் தாண்டிச் சண்டை போட்டிருந்தார்கள். விதி எழுதியவர் யாருக்கும் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி. அந்த ஆங்கில வாக்கியத்தை எத்தனை முறை அக்கக்காகப் பிரித்தாலும் அது இரண்டு பேருக்கும் சாதகமாகவே நின்றது. சரி, தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. எழுதத் தொடங்கியதும்தான் சிக்கல் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. 'நகரும் எதிரி' என்று எழுதினால் ஆங்கிலத்தைப் போலவே தமிழும் மழுப்பிவிடுகிறது. ஆனால் வாக்கியத்தைக் கொஞ்சம் அவிழ்த்தால் தமிழ் நம்மை விடாது. நகர்ந்தால் சுடலாமா, நகரும்போது சுடலாமா, நகர்ந்ததும் சுடலாமா, நகர்ந்த பிறகு சுடலாமா? ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் செத்துப்போகிற சிப்பாய்கள் வேறு வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவுக்கு வந்துவிட்டேன். 'நகரும்போது' என்பதுதான் சரி. அப்படியென்றால் சந்தைத் தாண்டுகிறவனைச் சந்திலேயே சுடலாம். மறைவில் தொடங்கி மறைவில் முடிந்தாலும் தப்பில்லை. ஆனால் 'போது' என்றால் அந்தப் பொழுதுதான். நகர்த்துகிறவர் எந்த வழியாகப் போகிறார் என்று விரலால் காட்டிக்கொண்டே மெதுவாக நகர்த்த வேண்டும். சுடுகிறவர் அந்தக் கை சிப்பாயை விடுவதற்குள் 'நில்' என்று சொல்லிவிட வேண்டும். விட்ட பிறகு சொன்னால் செல்லாது. சுடப்பட்டவர்களில் விழுந்தது போக மிஞ்சியவர்கள் அந்த இடத்திலிருந்து மீதித் தூரத்தைக் கடக்கலாம். பதிலுக்குச் சுட வேண்டுமானால் தங்கள் முறை வரட்டும். ஒரு முறை சுட்டால் சிவப்புப் பொட்டை எடுத்துவிட வேண்டும். ஒரு சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுவரில் ஒட்டிப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அன்னைக்கு?" என்றார் கணவர்.

"அவன் சுடலாம்னு சொன்னது சரி. ஆனா நேரம் தப்பிப் போச்சு. நீங்க கையை எடுத்துட்டீங்க. அதனால உங்க ஆளுங்க பொழைச்சாங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "செரியாத்தான் இருக்குது" என்றார் அவர். தம்பி கேட்டான், "ரெண்டு படை காத்திருந்தா, ரெண்டும் சுடலாமாக்கா?" சுடலாம், ஆனால் முதல் படையின் டைஸ் உருண்ட பிறகு இரண்டாவது முடிவு செய்யலாம் என்றேன். "காத்திருக்கறவனையே முன்னாடி சுட்டுப்போட்டா?" என்றார் கணவர். அவன் சிதறிப்போனால் பொட்டும் போகும் என்றேன். கேள்வி கேட்கக் கேட்க எனக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். டீயைத் தம்பி போட்டான்.

அந்தப் பெருமை சில ஞாயிறுகளுக்கு நீடித்தது. கீழே ஏதாவது வேலையாக இருப்பேன், "அக்கா, ஒரு டவுட்டு" என்று குரல் வரும். ஓடுவேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஒன்று புரிந்தது. தீர்ப்பு சொல்கிறவளுக்குப் படை கிடையாது. நான் பேசி முடித்ததும் இருவரும் மறுபடி குனிந்துகொள்வார்கள். அவர்களுக்கு நடுவே அந்த மேசை. மேசைக்கு வெளியே நான்.

ஒரு நாள் கேள்வியே வரவில்லை. நானாகவே ஏறிப் போனேன். தம்பியின் டாங்கி ஒன்று பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் "நில்லு" என்றார். பாலத்துக்கு அடியில் காத்திருக்கும் அவருடைய ஆளுக்கு மேலே போவது தெரியுமா என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான், "சத்தம் கேக்குமுல்லீங்க மச்சான்? சுட்டுக்குங்க." "அதுவும் செரிதான்" என்று அவர் டைஸை உருட்டினார். இருவரும் சிரித்தார்கள். பார்வை என்பதற்கும் சத்தம் என்பதற்கும் விதியில் ஒரு சம்பந்தமும் இல்லை. சுவரில் என் சார்ட் தாள் ஒட்டியிருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீ போலந்து போயிட்டா இந்தப் பாலத்தை எவன் மாப்ள எங்கிட்ட இருந்து புடிக்கறது?"

தம்பியின் கை அப்படியே நின்றது.

"எங்க போறான்?" என்றேன்.

கணவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். சாலையில் ஏதோ லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கம்பெனியில அனுப்பறாங்கக்கா. ரெண்டு வருஷம். இன்னும் முடிவாகல. அதான்…"

"இவருக்கு எப்ப தெரியும்?"

கணவர்தான் சொன்னார், "பொங்கலுக்கு முன்னால." அப்போது பங்குனி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் இறங்கி வந்துவிட்டேன். அழவில்லை. பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன், ஏற்கெனவே தேய்த்து வைத்தவற்றையும் சேர்த்து. அவன் வெளிநாடு போவது எனக்குப் பெரிதாகவே படவில்லை. பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். என்னிடம் சொல்லாததுகூட அவ்வளவு இல்லை. அவரிடம் சொல்லியிருந்தான், அவர் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறார். என் தம்பியின் ரகசியம் என் புருஷனிடம். என் புருஷனின் ரகசியமும் அதுவேதான். இரண்டு பேரிடமும் எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வந்து அடுக்களை மேடைமேல் ஏறி உட்கார்ந்தான். வந்த புதிதில் உட்கார்ந்த அதே இடம். நான் திரும்பவில்லை.

"ஏன்டா, மொதல்ல அவர்கிட்டப் போய்ச் சொன்ன?"

"சொல்லணும்னு சொல்லலக்கா." அவன் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பியிருந்தது. "வெளயாடிட்டே இருந்தோம். டைஸ உருட்டிட்டே வாயில வந்துடுச்சு. அவரு நிமிந்துகூடப் பாக்கல. செரி, போய்ட்டு வா, இப்ப நீ எங்க நகத்தறன்னு கேட்டாரு. அவ்வளவுதான். உங்கிட்டன்னா நீ என் மூஞ்சியப் பாப்ப. நீ பாத்தா எனக்குப் போகத் தோணாது."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்துகொண்டான். பார்த்தது தப்பென்று தெரிந்தும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டேன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவன் சொல்ல வேண்டாம்னான்."

"நான் யாரு உங்களுக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அவனே சொல்லோணும்னு பாத்தேன் அம்மணி. நாஞ் சொல்லிப்போட்டா அவன் எங்கிட்டச் சொல்றத நிறுத்திருவான்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

சித்திரை முடிந்ததும் தம்பி கிளம்பினான். பெங்களூர் விமான நிலையத்துக்குக் காரில் போனோம். கணவர் ஓட்ட, தம்பி முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் பைகளோடு. ஓமலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, இனி நான் முன்னால் உட்காருகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு, தம்பியைப் பின்னால் தனியாக உட்கார வைப்பதா என்று விட்டுவிட்டேன். உள்ளே போவதற்கு முன் என்னைக் கட்டிக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. என் மனசு நிறைந்துதான் இருந்தது. அப்புறம் அவரிடம் போய் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும் வழி முழுக்க அதையே கேட்டேன். என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று. கிருஷ்ணகிரி வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார். கடைசியில் சொன்னார். "பெரிய டாங்கிக்கு அடிச்ச பச்சை காயறதுக்குள்ள தொட்டுப்போட்டானாமா. வெரல் பதிஞ்சிருக்குதாமா. திருத்தி அடிச்சிருங்க மச்சான்னான்."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய டாங்கியின் பக்கவாட்டில் ஒரு விரல் ரேகை இருந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. இன்றுவரைக்கும் திருத்தவில்லை.

அதற்கடுத்த ஞாயிறுகளில் அவர் மாடியில் தனியாக உட்கார்ந்து சிப்பாய்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருப்பார். போட்டி இல்லாமல் போனால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவர் இப்படி ஒருவருக்காக ஏங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. நான் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபோதெல்லாம் இவர் எதற்கும் தூசி தட்டியதில்லை. ஒரு மதியம் மேலே போய்த் தம்பி நிற்கிற பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு விதியெல்லாம் தெரியும். ஆட்டத்தை மட்டும் ஆரம்பிங்க."

அவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

விதி தெரிவது வேறு, விளையாடுவது வேறு. முதல் ஆட்டத்தில் என் ஆட்கள் வரிசையாக வெட்டவெளியில் செத்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் கொஞ்சம் நிதானம் வந்தது. ஒரு படையைக் குன்றின் மேல் ஏற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துக் காத்திருந்தேன். அவர் தோப்பிலிருந்து தன் ஆட்களை விரலால் வழி காட்டிக்கொண்டே நகர்த்தினார். "நில்லுங்க" என்றேன். நின்றார். உருட்டினேன். பாதிப் பேர் விழுந்தார்கள். அவர் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. விழுந்தவர்களைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சும்மா ஏதோ சொல்கிற மாதிரி சொன்னார்.

"அவன் வந்த புதுசுல எனக்கு வவுறு எரிஞ்சுது அம்மணி."

"எவன்?"

"உன் தம்பிதான். அந்த ஒரு வாரம் பூராவும் எனக்குப் புடிச்ச கொழம்பு ஒண்ணுகூட நீ வெக்கல. ரெண்டு பேரும் அடுக்களைய உட்டு வெளிய வரல. நான் வந்து நின்னாப் பேச்சு நின்னு போச்சு. அதான் அந்தப் பெட்டியில என்னதான் வெச்சிருக்கான்னு பாக்கப் போனேன். அவனை எம்பக்கம் இழுத்துப்போட்டா நீ தன்னால வருவீன்னு ரோசனை பண்ணினேன்."

நான் கையில் டைஸோடு நின்றேன். இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே, "அப்பறம்?" என்றேன்.

"அப்பறமென்ன, நீதான் வரவேயில்லையே. டீய வெச்சுட்டு வெச்சுட்டுப் போயிட்ட. அதுலயும் சர்க்கரை இருக்காது."

கவனித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்று இருட்டும்வரை விளையாடினோம். நான் தோற்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் விளையாடும்போது தம்பி போலந்திலிருந்து வீடியோவில் வருவான். அவனுக்கு அது காலை நேரம். போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிடுவோம். போன வாரம் வந்தபோது ஆள் உற்சாகமாக இருந்தான். அங்கே பக்கத்திலேயே இந்த விளையாட்டு விளையாடுகிறவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்களாம், வாரா வாரம் போகிறானாம்.

"ரியாக்‌ஷன் ஃபயர் இங்க வேற மாதிரிக்கா. நகர்றவன் கையை எடுத்ததுக்கு அப்புறமும் சொல்லலாம். அடுத்த படையைத் தொடறதுக்குள்ள சொன்னாப் போதும். இங்க ஒரு அக்கா இருக்காங்க, அவங்க சொன்னா எல்லாரும் கேட்டுக்குவாங்க. அவ்ளோ அழகா வெளக்கம் சொல்றாங்க."

"அக்காவா?" என்றேன்.

"ஆமாக்கா, உன் வயசுதான் இருக்கும். எனக்கு சூப்பெல்லாம் செஞ்சு கொண்டாந்து தர்றாங்க."

சூப்பு என்ன சூப்பு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கணவர் போன் பக்கம் குனிந்தார்.

"பெயிண்டு யாரு மாப்ள அடிக்கறது அங்க?"

"அதுவும் அவங்கதான் மச்சான். நீங்க பாக்கணும். கண்ணுல கருவிழிகூட வெச்சிருக்காங்க. இருங்க, போட்டோ காட்டறேன்…"

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கேக்கல மாப்ள. இங்க நெட்டு செரியில்ல" என்று சொல்லிப் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து எனக்கு மேசைக்குப் பக்கத்திலேயே போட்டு, "கருவிழியாமா, கருவிழி" என்றார்.